மோனிக்கம்மாளும் பெயரற்ற இரு பெண்களும்

கிறீஸ்தவத் தாய்மைக்கு இலக்கணம் வகுக்கப் புகுவோர் புனித மோனிக்கம்மாளைத் தொடாமல் ஓர் அடியேனும் எடுத்துவைப்பதில்லை. வழிதவறிய மைந்தர் அகுஸ்தீனாருக்காகப் பல்லாண்டு கண்ணீர் சிந்தி, ஈற்றில் அவர் ஞானஸ்நானம் பெறக் கண்டு கண்மூடிய அன்னை அவர். ஆகஸ்ட் 27ஆம் நாள் அவர் திருநாள் வரும்போது, தாய்மாரை நோக்கிச் செபியுங்கள், அழுங்கள், பொறுத்திருங்கள் என்று கோயில்களிலே அறிவுரை கூறப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

அறிவுரை பொய்யன்று, ஆனால் அது பாதிக் கதை. மறுபாதியை மறைத்தவர் அகுஸ்தீனாரும் அல்லர். 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்' என்ற நூலிலே அவரே அனைத்தையும் சொல்லி வைத்திருக்கிறார். படித்துச் சொல்ல வேண்டியோர்தாம் பாதியில் நிறுத்திக்கொண்டனர்.

மோனிக்கம்மாளுக்கு விசுவாசத்தை ஊட்டியவர் யார்? பெற்ற தாய் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் தம் தாயின் கவனத்தைவிட, வீட்டிலிருந்த ஒரு முதிய பணிப்பெண்ணின் கண்டிப்பையே மோனிக்கம்மாள் பெரிதாகப் பேசுவார் என்கிறார் மைந்தர். மோனிக்கம்மாளின் தந்தையைக் குழந்தைப் பருவத்தில் முதுகிலே சுமந்து திரிந்தவள் அவள். உணவு வேளையில் அன்றி, எவ்வளவு தாகம் எடுத்தாலும் எசமானின் பெண்பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடமாட்டாள். இன்று தண்ணீருக்கு அடங்காதவர்கள் நாளை மதுவுக்கு எங்கே அடங்கப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு. கண்டிப்புச் சற்று மிகைதான். எனினும் ஒரு புனிதையின் ஒழுக்கத்துக்கு அத்திவாரம் இட்டவள் அவளே. அவளுக்கு நூலிற் பெயரில்லை. (மோனிக்கம்மாள் புகுந்த வீட்டிலே, மாமியாருக்குக் கோள் சொன்ன பணிப்பெண்கள் அடிவாங்கியதையும் அதே நூல் கூறுகிறது, அது மருமகளின் பொறுமைக்குக் கிடைத்த வெற்றியாகவே சொல்லப்படுகிறது!)

பிறர் பிள்ளையை வளர்க்கப் போகும் பெண்ணின் கதை நம் நாட்டில் இன்னும் முடிந்துவிடவில்லை. மத்திய கிழக்கிலே அயலார் மழலைகளை நீராட்டிச் சோறூட்டும் நம் தாய்மாருள் கிறீஸ்தவத் தாய்மாரும் உளர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடையோர் வீட்டுவேலைக்குக் கடல் கடப்பதைத் தடுக்கும் விதி 2013இல் வந்தது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. தாய்மையின் பெயரால் விதி செய்தோர், அவர்களைத் துரத்திய கடனுக்கும் வறுமைக்கும் ஒரு விதி செய்தாரல்லர். அம்மம்மாவின் கையைப் பிடித்துப் பூசைக்கு வரும் அப்பிள்ளைகள் விசுவாசத்தில் வளரவில்லை என்று சொல்லத் துணிபவர் யார்?

பெயரற்ற மற்றவள், அகுஸ்தீனாரோடு இளமை தொட்டுப் பத்தாண்டுக்கு மேலாகக் கூடி வாழ்ந்த பெண். முறையான மணமில்லை. அவளுக்குப் பிறந்த ஆண்மகவுக்கு அதெயோதாத்துஸ், அதாவது 'கடவுள் கொடுத்தவன்' எனப் பெயரிட்டனர். 384இல் அகுஸ்தீனார் மிலான் நகரிலே நாவன்மைப் பேராசிரியரானார். அதன்பின் தகுந்த இடத்தில் அவருக்குச் சம்பந்தம் பேசப்பட்டது. பேச்சிலே முன்னின்றவர் மோனிக்கம்மாள். மணப்பெண்ணோ மணவயதுக்கு ஏறக்குறைய இரண்டாண்டு குறைந்த சிறுமி; அன்றைய உரோமச் சட்டத்திலே பெண்ணின் மணவயது பன்னிரண்டு என்பதை வாசகர் நினைவிற் கொள்க. சம்பந்தத்துக்கு இடையூறென்று, கூடி வாழ்ந்தவள் ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டாள். இனி வேறோர் ஆடவனை அறியேன் என்று கடவுளிடம் சபதம் செய்து அவள் கப்பலேறினாள். மகன் தந்தையிடமே விடப்பட்டான். அகுஸ்தீனாரோ மணநாள் வரை பொறுக்கமாட்டாமல் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டார். பேசிய கலியாணமும் நடைபெறவில்லை.

மணமுடித்தால் மகன் ஞானஸ்நானம் பெறுவான் என்பதே மோனிக்கம்மாளின் நம்பிக்கை. அதன் தூய்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் மகனின் ஆன்ம ஈடேற்றமும் குடும்பத்தின் அந்தஸ்தும் ஒரே முகங்கொண்டு வந்து நின்றபோது, அவற்றைப் பிரித்துப் பார்க்க அவரால் இயலவில்லை என்றே நாம் கருதுகிறோம். நம் யாழ்ப்பாணத்திலும் 'நல்ல வேதக் குடும்பம்' தேடப்படும்போது, வேதத்துக்கு முன்னே சாதியும் சீதனமும் விசாரிக்கப்படுவதை யார் அறியார்? மாலைதோறும் செபமாலை சொல்லிப் பழகிய பிள்ளை அந்த விசாரணையையும் அறைக் கதவுக்கு இப்பால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் ஞானோபதேசந்தான்.

இனி, அதெயோதாத்துசை வளர்த்தது யார்? தாய் பிரிந்தபோது அவனுக்கு ஏறக்குறையப் பதின்மூன்று வயது. அக்காலத்தின் பெரும்பகுதியில் தந்தை மனிக்கேயர் என்னும் கூட்டத்தாரைச் சார்ந்திருந்தார். பாட்டியும் எந்நாளும் உடனிருந்தவரல்லர். 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளில் ஆயர் அம்புறோசியாரிடம் தந்தையோடு மகனும் ஞானஸ்நானம் பெற்றான். அவனுடைய அறிவு தமக்கு அச்சம் தந்ததென்றும், அவனிடத்தே தம்முடைய பங்கு பாவமன்றி வேறில்லை என்றும் எழுதும் அகுஸ்தீனார், நன்மை முழுவதையும் கடவுளுக்கே கொடுத்துவிடுகிறார். அவ்விடத்தில் அவனைப் பெற்றவளுக்கு ஒரு வரியும் இல்லை.

அவ்வாண்டே, தாயகம் திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்திலே தமது 56ஆம் வயதில் மோனிக்கம்மாள் இறந்தார். அவர் உயிர் பிரிந்த கணத்தில் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். அத்தகைய நல்மரணத்துக்கு ஒப்பாரி தகாது என்று கருதிச் சுற்றி நின்றோர் அனைவரும் அவனை அடக்க, பையன் அடங்கினான். ஓரிரண்டு ஆண்டுக்கு முன்னே தாய் கப்பலேறியபோது அவன் அழுதானா என்பதை எழுத மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.