450 கிராம் காஸ்

காரின் ஏசி குளிர்வதும் குளிராததும் கொம்பிரசரின் கையில் இருக்கிறது. எஞ்சினின் பெல்ட் அதைச் சுழற்றுகிறது. உள்ளே வரும் வாயுவை அது அமுக்கிச் சூடேற்றி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கொண்டென்சருக்குத் தள்ளுகிறது. வாயு அங்கே வெப்பத்தை இழந்து திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையைக் கடந்து மீண்டும் ஆவியாகும்போது காரின் உட்புறத்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வாயுவோடு கலந்து ஓடும் சிறிதளவு எண்ணெய்தான் கொம்பிரசருக்கு மசகு. வாயு கசியத் தொடங்கினால் அந்த எண்ணெயும் ஒழுங்காகத் திரும்பி வராது. பிஸ்டன்கள் உராய்ந்து தேய்ந்து, ஒருநாள் கொம்பிரசர் இறுகி நின்றுவிடும்.

கொழும்பில் இந்தக் கசிவுக்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் கார்கள் இரவு பகலாக உப்புக் காற்றில் நிற்கின்றன. கொண்டென்சரின் மெல்லிய அலுமினியத்தை உப்பு மெதுவாக அரிக்கிறது. பகலில் அதே கார்கள் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து போகின்றன. முன்னாலிருந்து காற்று வராதபோது கொண்டென்சரின் வெப்பம் இறங்காது, குழாய்களில் அழுத்தம் ஏறும். பழைய கொம்பிரசர் அந்தச் சுமையை நெடுங்காலம் தாங்குவதில்லை.

பழுதான கொம்பிரசரைத் தாமே மாற்றிவிடலாம் என்று பலர் எண்ணத் தொடங்கியதற்கு நாட்டின் நிலையும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. நடுவில், 2022 இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. புதுக் கார் கனவாகவும் புது உதிரிப்பாகம் பெருஞ்செலவாகவும் ஆன அந்த ஆண்டுகளில், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த பழைய கொம்பிரசரைத் தேடி எடுத்து, வீட்டு வாசலிலேயே பூட்டிக்கொள்வது சிக்கனமும் கெட்டித்தனமுமாக மதிக்கப்பட்டது. அந்த மதிப்பு நியாயமானது. தன் பொருளைத் தன் கையால் திருத்தத் தெரிந்தவர் அதைச் சீக்கிரம் தூக்கி எறிவதில்லை.

வேலையின் முதற்படி, உள்ளே எஞ்சியிருக்கும் வாயுவை வெளியே எடுப்பது. சங்கடமும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் ஒரு மாலை நடந்த சம்பவம் சிறியது. வேலை தெரிந்த இளைஞர் ஒருவர் தம் காரின் பானெட்டைத் திறந்து, குழாயிலுள்ள வால்வின் மூடியைக் கழற்றி, நடுவிலிருந்த ஊசியை ஸ்க்ரூட்ரைவர் நுனியால் அழுத்தினார். வாயு சீறிக்கொண்டு வந்தது. வால்வைச் சுற்றி வெண்பனி படிந்தது. கடைக்குப் போய்த் திரும்பிய மாடிவீட்டு அம்மா பைகளுடன் அங்கேயே நின்றார்.

“அது எங்கை தம்பி போகுது?”

“காத்தோடை போயிடும், அன்ரி.”

அவர் தலையாட்டிவிட்டுப் படியேறினார். சீறல் தேய்ந்து நின்றது. யாரும் யாரையும் கோபிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி, கேட்டவரும் மறந்துபோன பிறகும், அங்கே நின்று பார்த்த ஒருவரை விடாமல் துரத்தக்கூடியது. எங்கே போகிறது?

இன்று கொழும்பில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற வாயு. சிறிய கார் ஒன்றில் ஏறத்தாழ 450 கிராம் கொள்ளும். அது ஓசோன் படையைக் கெடுக்காது. ஆனால் நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதன் ஒரு கிலோ ஏறத்தாழ 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். வளிமண்டலத்தில் அதன் ஆயுள் சுமார் 14 ஆண்டுகள். அப்படியானால் 450 கிராம் என்பது சுமார் 640 கிலோ காபனீரொட்சைட்டு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. ஆக, ஒழுங்கையில் சீறி ஓய்ந்தது ஏறத்தாழ 280 லீற்றர் பெற்றோலின் புகை. 2022 இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்குக் கிடைத்தது 20 லீற்றர். ஒரு துளியையும் வீணாக்காமல் வரிசையில் நின்று வாங்கிய பதினான்கு வாரப் பங்கு அது. காற்றோடு போய்விடும் என்ற பதில் உண்மைதான். போனது அங்கே தங்கியிருக்கும் என்பது அந்தப் பதிலில் இல்லை.

குளிர்வாயுக்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு மற்றெல்லாம் மறந்தாலும் ஒரு காட்சி மறப்பதில்லை. 1930 இல் அமெரிக்க வேதியியலாளர் தோமஸ் மிஜ்லி, தாம் உருவாக்கிய புதிய வாயுவை அவையோர் முன்னால் நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுதிரி மீது ஊதினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரி அணைந்தது. நஞ்சும் இல்லை, தீப்பற்றவும் மாட்டாது என்பதற்கு அதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியிருக்கவில்லை. அந்த வாயுக் குடும்பத்தின் ஆர்-12 தான் பிறகு பல பத்தாண்டுகள் கார்களின் ஏசிகளில் ஓடியது. மிஜ்லி 1944 இல் இறந்தார். இந்த வாயுக்கள் ஓசோன் படையைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974 இல். அந்தாட்டிக்காவின் மேலே ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதை பிரித்தானிய ஆய்வாளர் மூவர் வெளியிட்டது 1985 இல். ஆர்-12 காற்றில் நூறாண்டு அளவு வாழக்கூடியது. அன்று மேடையில் ஊதப்பட்டது போன்ற வாயுவில் ஒரு பங்கு இன்னும் மேலே இருக்கிறது.

மிஜ்லிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் அவர் மீது பழி சொல்வதும் கடினம். ஓசோன் படையைக் காப்பதற்கான 1987 இன் மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு பிறந்தவர்களின் நிலை வேறு. இலங்கை 1989 இல் அதில் சேர்ந்தது. ஆர்-134ஏ போன்ற வாயுக்களையும் குறைப்பதற்கான கிகாலி திருத்தத்தை 2018 இல் ஏற்றது. ஓசோன் படை பள்ளிக்கூடப் பாடமாகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. தெரியாமல் செய்வதற்கும், தெரிந்தும் வேறு வழி கைக்கெட்டாமல் செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை எதனால் அளப்பது?

கொட்டாஞ்சேனையில் 1970 களில் சிறுவர்களாக இருந்த தலைமுறைக்குக் காரில் குளிர் என்றால், மொறிஸ் மைனரின் முன்கதவிலிருக்கும் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி முகத்தில் வாங்கும் காற்றுதான். அன்றும் அந்நியச் செலாவணி இல்லை, இறக்குமதி இல்லை. வீட்டு வாசலில் சித்தப்பாவோ மாமாவோ காரின் அடியில் படுத்துக் கிடப்பது வழக்கமான காட்சி. பழைய எண்ணெயை வாசல் மண்ணிலோ கானிலோ ஊற்றுவார்கள். அடுத்த நாள் அங்கே ஒரு கறுத்த கறை கிடக்கும். பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் வருவார்கள், அம்மாவின் ஏச்சு தெருமுனைவரை கேட்கும். மறுமுறை ஒரு பழைய தகரம் வரும். கறையும் ஏச்சும் சேர்ந்துதான் அந்தத் தகரத்தைக் கொண்டுவந்தன. ஏசி காஸ் கறை விடுவதில்லை. அதை மிதித்துக்கொண்டு யாரும் வீட்டுக்குள் வருவதுமில்லை.

வாயு வெளியேறிய பிறகு வரும் வேலைகளில் கைத்திறன் நன்றாகவே ஒளிர்கிறது. பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களையும் மின்செருகியையும் கழற்றி, தாங்கு போல்ட்டுகளை அவிழ்த்தால் பழைய கொம்பிரசர் கையில் வரும். அதன் எண்ணெயை அளவுக் கிண்ணத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டும். தெளிந்திருந்தால் நல்லது. சாம்பல் நிறமாகி, வெளிச்சத்தில் வெள்ளித்தூள் மின்னினால், தேய்ந்த உலோகம் குழாய்களெங்கும் பரவிவிட்டது என்று பொருள். அப்போது கொண்டென்சரை மாற்றாமலும் குழாய்களைக் கழுவாமலும் புதுக் கொம்பிரசர் பூட்டினால் அதுவும் சீக்கிரம் இறுகும். ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் ட்ரையரும் ஓ-ரிங்குகளும் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த ட்ரையர் பயன்படாது. எண்ணெயின் வகையும் அளவும் தயாரிப்பாளர் சொன்னபடியே இருக்க வேண்டும். பூட்டிய பின் கொம்பிரசரைக் கையால் பல சுற்றுச் சுழற்றினால் உள்ளே தேங்கிய எண்ணெய் பரவும். பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்களில் கொம்பிரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. செம்மஞ்சள் கேபிள்கள் உள்ள அந்த வேலை வீட்டு வாசலுக்கு உரியதல்ல.

அடுத்தது வெற்றிடம். பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டால், உள்ளே ஒட்டிய நீர் குறைந்த அழுத்தத்தில் கொதித்து வெளியேறும். பம்பை நிறுத்திய பிறகும் அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றால் கசிவில்லை. கடைசியாகப் புது வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்ற வேண்டும். உள்ளே போகும் வாயுவைக் கிராம் கணக்கில் நிறுக்கிறார்கள். வெளியே போனதை யாரும் நிறுப்பதில்லை.

இதற்கு மறுமொழிகள் உண்டு. கசிகிற ஏசி எப்படியும் தன் வாயுவை இழந்துகொண்டுதான் இருக்கிறது. காலி வீதியில் ஒரு பழைய பஸ் நாள்தோறும் கக்கும் புகையின் முன்னால் ஒரு காரின் 450 கிராம் எம்மாத்திரம்? பழைய கொம்பிரசரை மீண்டும் ஓடவைப்பவர் ஒரு புதுப் பொருளின் உற்பத்தியை மிச்சப்படுத்துகிறாரே? மாதச் சம்பளத்தில் பிள்ளைகளின் டியூஷன் காசை எடுத்து வைத்த பிறகு மிஞ்சியதில் வேலை பார்ப்பவரிடம் வளிமண்டலத்தின் கணக்கையும் கேட்பது நியாயமா? ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்தச் சீறல் நியாயமாகிவிடுவதில்லை. அதற்காக ஒரு தனி மனிதரின் தலையில் எவ்வளவு பழி வைக்கலாம் என்பதற்கும் திட்டமான விடை கிடைப்பதில்லை. கையில் வழி இருப்பவருக்கு அதிகம், இல்லாதவருக்குக் குறைவு என்பதற்கு மேல் அந்தக் கணக்கு நகர மறுக்கிறது.

வழி ஒன்று இருப்பது மட்டும் உறுதி. வாயுவைச் சிலிண்டருக்குள் உறிஞ்சிப் பிடிக்கும் மீட்பு இயந்திரங்கள் உண்டு. பிடித்த வாயுவைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம். ஏசியைக் கழற்ற நினைப்பவர்கள் அந்த இயந்திரம் வைத்திருக்கும் கராஜுக்கு முதலில் காரைக் கொண்டுபோய் வாயுவை இறக்குங்கள். சிலிண்டருக்குள்தான் போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மற்ற வேலைகளை உங்கள் வாசலில் உங்கள் கையாலேயே செய்யுங்கள்.