முகம் தெரியாத தலைக்கு ஒரு குல்லா

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் முடி கொட்டத் தொடங்குகிறது. வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் அந்த மருந்துகளின் வேலை. புற்றுக் கட்டியின் செல் எது, மயிர்க்கால் செல் எது என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. தலைமுடியில் ஏறத்தாழ 90 விழுக்காடு எந்த நேரத்திலும் வளர்பருவத்தில் இருப்பதால், டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்செல் போன்ற மருந்துகள் ஏறும்போது பெரும்பாலும் தலை முழுவதுமே வெறுமையாகிவிடுகிறது. முதலில் தலையணையில், பிறகு சீப்பில், பிறகு தலைக்கு ஊற்றும்போது கை நிறைய. தலைத்தோலும் தொட்டாலே நோகும் அளவுக்கு மென்மையாகிவிடும். சிகிச்சை முடிந்தபின் முடி மாதத்துக்குச் சுமார் ஒரு செ.மீ. வீதம் திரும்ப வளரும். நடுவில் இருக்கும் அந்தச் சில மாதங்களுக்காக, முன்பின் பார்த்திராத ஒருவருக்குக் குரோஷா ஊசியில் குல்லா பின்னி அனுப்பும் வழக்கம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நன்றாக வேரூன்றியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2007இல் தொடங்கிய ‘நாட்ஸ் ஆஃப் லவ்’ அமைப்பு இந்த ஒரு காரியத்துக்காகவே உருவானது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘ஒவ்வொரு கண்ணியிலும் அன்பு’ என்பார்கள். அன்பு இருக்கலாம். ஆனால் அன்பு மட்டும் இருந்தால் அந்தக் குல்லா தலையை அரிக்கும். இந்தக் கொடையின் மதிப்பு வேறோர் இடத்தில் இருப்பதாக நினைக்கிறேன்: பின்னுகிறவர் தன் ரசனையை ஒதுக்கி வைத்துவிட்டு, தான் காணாத ஒரு தோலின் சொல்லைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தோல் என்னென்ன கேட்கிறது என்று பாருங்கள். கம்பளி நூல் வேண்டாம், உறுத்தும். இழை உதிரும் மொஹேர் நூலும் வேண்டாம். மென்மையான பருத்தியோ மூங்கில் இழையோ வேண்டும். நூல் மென்மையானதுதானா என்பதை விரல் நுனி சொல்லாது, மணிக்கட்டின் உட்புறத்திலோ கழுத்திலோ தேய்த்துப் பார்க்க வேண்டும். குரோஷாவின் அழகே ஓட்டைகளில்தான் இருக்கிறது. விசிறி, அன்னாசி என்று பெயர் சொல்லும் வடிவங்களெல்லாம் இடைவெளிகளால் ஆனவை. முடியில்லாத தலையிலோ அந்த இடைவெளி வழியே தோல்தான் தெரியும். எனவே தனக்கு மிக நன்றாக வரும் வேலைப்பாட்டை விட்டுவிட்டு, நெருக்கமான எளிய கண்ணிகளால் பின்ன வேண்டும். உச்சியில் ஆறேழு கண்ணிகளோடு ஒரு சிறு வளையம். சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டி வட்டத்தை விரிக்க வேண்டும். 54 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு அந்த வட்டம் 17 செ.மீ. அகலத்தைத் தாண்டக் கூடாது, அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. முடி போனதும் தலையின் அளவே சற்றுக் குறைந்துவிடும். தன் தலையில் வைத்துப் பார்த்துப் பின்னினால் அவர் தலையில் அது கண்ணை மறைக்கும். பின்னி முடித்ததும் குல்லாவை உள்வெளியாகத் திருப்பி, நூலின் வால் முடிந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தெரியாத ஒரு சிறு முடிச்சு, படுத்துத் தூங்கும்போது தலைக்கும் தலையணைக்கும் நடுவில் கல்லாகிவிடும். வாசனையும் அப்படித்தான். கீமோ எடுப்பவருக்கு ஒரு மெல்லிய மணம்கூட வாந்தியைக் கொண்டுவரும். நூலோ ஊதுபத்தி, தாளிப்பு, சலவைத்தூள் எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்திருக்கும். ஏதாவது ஒன்று தவறியிருந்தால் நுனியைப் பிடித்து இழுத்து முழுக் குல்லாவையும் அவிழ்த்துவிடலாம். குரோஷாவில் மனம் மட்டும் துணிந்தால் போதும், அவிழ்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடத்தில்தான் கொடுப்பவர் யாரை நினைத்துப் பின்னினார் என்பது தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, நூலுக்கு ஆகும் பணத்தை மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நிதி திரட்டியும் அரசிடம் மன்றாடியும் 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கவைத்தார். அந்த வேலைக்கு முன்னால் குல்லா எந்த மூலைக்கு? பணம் கொடுக்கக்கூடியவர் பணத்தையே கொடுக்கட்டும். குல்லா மருந்தாகாது, கட்டியைக் கரைக்காது. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வீட்டில் ஓய்ந்திருக்கும் கைகளுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அந்த நேரத்தைக் காசாக மாற்றி நன்கொடை கொடுக்க வழி கிடையாது. வேலையாகத்தான் கொடுக்க முடியும். கையால் செய்தது என்பதாலேயே அது உயர்ந்துவிடும் என்றும் சொல்லமாட்டேன். இயந்திரப் பின்னல் பல நூற்றாண்டுகளாக இருந்தாலும், உண்மையான குரோஷாவைப் பின்னித் தள்ளும் தொழிற்சாலை இன்றுவரை இல்லை. கடையில் தொங்கும் குரோஷா சட்டையையும் எங்கோ ஒரு பெண் தன் கையால்தான் பின்னியிருக்கிறாள், பல நேரங்களில் மிகக் குறைந்த கூலிக்கு. குல்லாவைத் தனியாக நிறுத்துவது அது போய்ச் சேரும் இடம். மருத்துவமனையில் நோயாளியின் கைக்கு வருகிற எல்லாவற்றோடும் ஒரு சீட்டும், ஒரு எண்ணும், பெரும்பாலும் ஒரு பில்லும் சேர்ந்தே வருகின்றன. பச்சையா நீலமா என்று அவரிடம் கேட்கிற பொருள் அங்கே வேறு எதுவும் இல்லை.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. மொட்டைத் தலையை ஏன் மறைக்க வேண்டும்? குல்லா கொடுப்பது ‘உன் தலை பார்க்கத் தகாதது’ என்று மெல்லச் சொல்வதாகாதா? நம் ஊரில் மொட்டைக்கு ஒரு மரியாதை உண்டு. மொட்டையடித்த பெண்ணைப் பார்த்தால் ‘பழனியா, திருப்பதியா?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொய்யாகத் தலையாட்டிவிட்டு நகர்கிற நோயாளியின் மனதை நினைத்துப் பார்க்கிறேன். அதே ஊரில்தான் ஒரு காலத்தில் கணவனை இழந்தவளின் தலையை மழித்து மூலையில் உட்கார வைத்தார்கள். அதன் நிழல் பல வீடுகளில் இன்னும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரு தலை தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பதை அந்தத் தலைக்கு உரியவர்தான் முடிவு செய்ய வேண்டும். விக் முடியைப் போல நடிக்கும்; குல்லா நடிப்பதில்லை. சித்திரை வெயிலில் குல்லாவோடு வருபவரைப் பார்த்தால் யாருக்கும் விஷயம் புரிந்துவிடும். குளிரூட்டிய கீமோ அறையில் மூன்று நான்கு மணி நேரம் உட்கார வேண்டியவருக்கு அது மறைப்பதற்கு முன்னால் ஒரு கதகதப்பு. இத்தனைக்குப் பிறகும் வேண்டாம் என்பவருக்கு வேண்டாம்தான். குல்லாவை நோயாளியின் தலையில் தானே மாட்டிவிட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது எனக்குச் சகிக்கவில்லை. அந்த நொடியில் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாயிற்று.

சென்னை வெப்பத்தில் யாருக்குக் குல்லா தேவை என்றும் கேட்கலாம். வெயிலில் போகும்போது வெறும் தலைத்தோல் சீக்கிரம் கன்றிவிடும். அதற்கு மெல்லிய பருத்தியில் பின்ன வேண்டும், அமெரிக்கப் பனிக்காலத்துக்கு எழுதிய அளவுக் குறிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஆகவே கைகளுக்குக் குறைவில்லை. பின்னத் தொடங்குமுன் வார்டுச் செவிலியரிடம் எத்தனை வேண்டும், குழந்தைகளுக்கா பெரியவர்களுக்கா என்று கேட்டுவிட்டால் போதும். கேட்காமல் வந்து குவியும் மூட்டையை அடுக்கி வைக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். துவைத்து, மணமில்லாமல் காயவைத்து, வார்டு வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிடலாம். யாரோ ஒருவர் வந்து துழாவுவார். மூன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுவார், நான்காவதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார். யார் பின்னியது என்று கேட்கமாட்டார். கேட்க வேண்டியதும் இல்லை, அன்றைக்கு அவருக்கு யோசிக்க வேறு எத்தனையோ இருக்கும்.