கையில் இழுத்த கோடு

அக்கா மகன் புல்லட் வாங்கிய சேதி, வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரியும். "கலர், கண்ணாடி, சீட் கவர் எல்லாம் ஆப்லயே செலக்ட் பண்ணேன் மாமா. இந்த மாதிரி வண்டி நம்ம தெருவுல வேற யார்கிட்டயும் இல்ல" என்றான். தவணை மாதாமாதம் அவன் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுமாம்.

எங்கள் திருவொற்றியூருக்குப் புல்லட் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவர்கள் செய்த வண்டி அது.

என் சிறுவயதில் தெருவில் எந்த வீட்டுக்குப் பீரோ வந்தாலும், மிக்சி வந்தாலும், அதற்கு முன்னால் ஒரு சீட்டு இருக்கும். மாதம் ஒருநாள், சீட்டு பிடிக்கிற அம்மா வீட்டு வாசலில் ஏலம். அவசரக்காரர் அதிகம் தள்ளிக் கேட்பார். தள்ளிய பணம் மற்றவர்களுக்குப் பங்காகப் பிரியும். ஆசையை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லாமல் சீட்டு எடுக்க முடியாது. "பையனுக்கு ஃபீஸ் கட்டணும், இந்த மாசம் விட்டுக் குடுக்கா" என்று ஒருத்தி கேட்டால், பீரோவுக்குக் காத்திருந்தவள் வாயை மூடிக்கொள்வாள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பொம்பளைப் பிள்ளை ஸ்கூட்டி கேட்டால் தெருவே 'எதுக்கு?' என்று கேட்கும். என் அக்கா கேட்டாள், கிடைக்கவில்லை. மகன் யாரையும் கேட்காமல் வாங்கியதில் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

விளம்பரம் இளசுகளைத் தனித்தனி ஆளாக்கிவிட்டது என்கிறார்கள். எனக்கென்னவோ ஆசை இன்னும் கூட்டமாகத்தான் வருகிறது என்று படுகிறது. ஞாயிறு காலை ஈசிஆரில் வரிசைகட்டிப் போகும் புல்லட்டுகளைப் பாருங்கள். தனியாகிப்போனது கடன். சீட்டுப் பணம் பிந்தினால் வாசலில் வந்து திட்டுவார்கள். அடுப்பில் உலை இருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஆப் திட்டாது. அபராதம் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும்.

சாயங்காலம் எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். முப்பது வருடம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர். டேங்கின் தங்கக் கோட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அங்கே அந்தக் கோட்டைத் தூரிகையால் கையாலேயே இழுப்பார்கள். ஒரு டேங்கில் இருப்பது இன்னொன்றில் அச்சாக இருக்காது.

"கையில இழுத்ததாடா, ஒட்டுனதா?"

அவனுக்குத் தெரியவில்லை. போனை எடுத்துத் தேட ஆரம்பித்தான்.