64 பேர்தானே!

பி.காம் படிக்கும்போது 'நார்மல் லாஸ்' என்று ஒரு பாடம் வரும். நூறு கிலோ சரக்கை மெஷினில் போட்டால் ஐந்து கிலோ தூசாகப் போகும். அதை யாரும் கேட்க மாட்டார்கள். ஆறாவது கிலோ போனால்தான் விசாரணை.

1999 அக்டோபர் 29. ஒரிஸ்ஸாவை (இன்றைய ஒடிஷா) சூப்பர் புயல் புரட்டிப் போட்டது. செத்தவர்கள் சுமார் 10,000 பேர். 'விதி' என்று விட்டுவிடாமல், பேரிடருக்கென்றே தனி ஆணையம் அமைத்தார்கள். கடலோரத்தில் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். 2019 மே 3-ம் தேதி ஃபானி புயல் புரி அருகே கரை ஏறுவதற்குள் சுமார் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்திவிட்டார்கள். உயிரிழப்பு 64. ஐ.நா.வே பாராட்டியது.

சபாஷ்! தாராளமாகக் கை தட்டலாம். ஆனால், ''64 பேர்தானே சார்!'' என்று சிலர் சொன்னார்கள் பாருங்கள், அந்த 'தானே'தான் உறுத்துகிறது.

பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் 64 சின்ன நம்பர். செத்தவர் வீட்டு வாசலில் வைத்தால்?

புயலுக்குப் பிறகு அரசாங்கத்தை எடை போடும்போது 'எத்தனை பேரைக் காப்பாத்தினீங்க?' என்பதோடு நிறுத்தக் கூடாது. 'இந்த 64 பேர் எப்படி விட்டுப்போனாங்க?' என்றும் கேட்க வேண்டும். சுவர் இடிந்ததா? தகவல் எட்டவில்லையா? மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாரா? ஒவ்வொரு பதிலும் அடுத்த புயலில் ஓர் உயிர்.

குறை சொல்வதற்காக அல்ல. 10,000 ஏன் என்று கேட்டதால்தானே 64 ஆனது?

சரக்குக்கு நார்மல் லாஸ் உண்டு. மனுஷனுக்கு?