சாலை இறுகும் முன் வழி விடுங்கள்

பொழுது சாய்கிறது, விழித்துக்கொள்ளுங்கள். வீதி எல்லோருக்கும் பொது. நடப்பவர் பங்கையும் சைக்கிள் மிதிப்பவர் பங்கையும் பறிப்பது பாவம். பறிப்பதைப் பார்த்தும் வாய் திறவாதிருப்பது அதனினும் பாவம்.

அல்பேனியாவைப் பாருங்கள். என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் மக்கள் சொந்தக் கார் வைத்துக்கொள்ளத் தடை. 1991-இல் தடை நீங்கியது. அடக்கி வைத்த ஆசை கரை உடைத்தது. தலைநகர் திரானா கார்களால் நிறைந்தது. ஆசைப்பட்டவரை யார் பழிப்பார்? ஆனால் அடுத்தவர் இடத்தையும் சேர்த்து விழுங்கினோமே, அதற்கு யார் பொறுப்பு?

சைக்கிளுக்கென்று கோடு போட்ட பாதையில் கார் நிற்கிறது. கைப்பிடியில் காய்கறிப் பை தொங்க வரும் முதியவர், அதைச் சுற்றிக்கொண்டு பேருந்துக்கு முன்னால் இறங்குகிறார். நிறுத்திப் போனவருக்கு அது இரண்டு நிமிட வேலை. முதியவருக்கு அது உயிர்.

முடியாது என்று சொல்லாதீர்கள். அல்பேனியாவின் ஷ்கோடரில் சைக்கிள் பழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை. ஸ்லொவேனியாவின் லூப்லியானா 2007-இல் நகர மையத்தைக் கார்களுக்கு மூடத் தொடங்கியது. 2016-இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகரம் ஆனது. புடாபெஸ்ட்டில் 2008 ஏப்ரலில் ஏறத்தாழ 80,000 பேர் சைக்கிளேறி வீதிக்கு வந்து உரிமை கேட்டார்கள். ஐரோப்பாவை இரண்டாகப் பிரித்து, தாண்டியவரைச் சுட்டுத்தள்ளிய இரும்புத்திரை எல்லையை ஒட்டியே, பேரன்ட்ஸ் கடல் முதல் கருங்கடல் வரை, சுமார் 10,000 கிலோமீட்டர் சைக்கிள் வழித்தடம் இன்று செல்கிறது. துப்பாக்கி நின்ற இடமே வழிவிட்டது. நம் கார் வழிவிடாதா?

ஆள்வோரே, வெறும் வண்ணக்கோடு காவல் ஆகாது, தடுப்புக்கல் நடுங்கள். பள்ளிக்கும் சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் அறுபடாத பாதை போடுங்கள். கார் உடையோரே, கூப்பிடு தூரத்துக்குச் சாவியைத் தேடாதீர்கள். பெற்றோரே, பிள்ளையை மிதிக்க விடுங்கள். அவன் பத்திரமாகப் போய்வரும் பாதையைக் கேட்டு வாங்குங்கள்.

நாளை என்னாதீர்கள். போலந்து முதல் பல்கேரியா வரை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகளுக்கு, ஒன்றியம் பணம் தரும் இப்போதைய நிதிக்காலம் 2027-உடன் முடிகிறது. இன்று காருக்கென்று அகலப்படுத்தும் சாலையை அடுத்த தலைமுறைதான் சுமக்கும். அவர்கள் கணக்குக் கேட்பார்கள்: பணம் இருந்தது, இடம் இருந்தது, செய்துகாட்டிய ஊர்களும் கண்முன் இருந்தன; ஏன் செய்யவில்லை? பதிலில்லாமல் தலைகுனிந்து நிற்காதீர்கள். தார் இறுகும் முன், திட்டத்தில் கையெழுத்து விழும் முன், இன்னொரு உயிர் போகும் முன், இன்றே வழி விடுங்கள்.