இறந்தவர்களுக்காக யார் மன்னிப்பது?

2015 ஜூன் 22 அன்று போப் பிரான்சிஸ் தூரின் நகரத்தில், இத்தாலியப் புராட்டஸ்டண்ட் சபைகளில் ஒன்றான வால்டென்சியரின் ஆலயத்துக்குப் போனார். அதற்கு முன் எந்தப் போப்பும் அந்தச் சபையின் வாசலை மிதித்ததில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அவர்களுக்குச் செய்த கொடுமைகளுக்காக மன்னிப்புக் கேட்டார். இரண்டு மாதம் கழித்துக் கூடிய அவர்களுடைய சினட் என்னும் சபைப் பேரவை, அந்த வேண்டுதலை மரியாதையோடும் நெகிழ்ச்சியோடும் ஏற்றது. ஆனால் இரத்தம் சிந்தியவர்களின் இடத்தில் நின்று மன்னிக்கத் தங்களுக்கு உரிமையில்லை என்று பதில் எழுதியது.

அந்தப் பதிலுக்காகவே அங்ரோனியா போனேன். தூரினுக்குத் தென்மேற்கே, பிரான்ஸ் எல்லைப்பக்கத்து ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் வால்டென்சியர் வாழும் ஒரு சிற்றூர். கல் வேய்ந்த கூரைகள், சரிவெல்லாம் செஸ்ட்நட் மரங்கள். நடைபாதையில் ஷான்ஃபொரான் நினைவுத்தூண் வருகிறது. 1532இல் இங்கே கூடித்தான் வால்டென்சியர் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தோடு சேர்ந்தார்கள். 1535இல் அச்சான பிரெஞ்சு வேதாகமத்துக்கு இந்த மலைச்சனங்கள் காசு சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அங்கிருந்து சற்றுத் தள்ளிக் குகைக்கோயில். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். பாறைப் பிளவு வழியே வெளிச்சம் விழுகிறது. ஒடுக்குமுறைக் காலத்தில் ஒளிந்து ஆராதித்த இடம் என்பது பள்ளத்தாக்கின் மரபு. 1655 ஏப்ரலில் சவோய் கோமகனின் படை இந்த ஊர்களில் குழந்தைகளையும் விடவில்லை. 1686இல் மிஞ்சியவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அங்கே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

கூட வந்த அண்ணி பிறப்பால் கத்தோலிக்கர். வெளியே வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "மன்னிப்புக் கேட்டு வந்தவரை இப்படியா வெறுங்கையோடு அனுப்புவாங்க? சிலுவையில தொங்கும்போதே இயேசு மன்னிக்கலையா?"

"அது அவர் உடம்பில் அடிச்ச ஆணி, அண்ணி" என்றேன்.

பரமண்டல ஜெபத்திலும் நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பது பற்றியே பேச்சு. அடுத்தவன் காயத்தை நான் மன்னித்தால் எனக்கு அதில் செலவே இல்லை. முன்னூறு வருடத்துக்கும் மேல் கழித்து, சூடான அறையில் உட்கார்ந்து, 1655இன் தாய்மார்கள் சார்பில் பெருந்தன்மை காட்டுவது அவர்களை இரண்டாம் தடவை வாயடைப்பது. அப்படியானால் கொலை என்றைக்கும் மன்னிக்கப்படாமலே கிடக்குமா? மனிதர்களுக்குள், ஆம் என்றே நினைக்கிறேன். செத்தவர்களும் கொன்றவர்களும் இப்போது இருப்பது கடவுள் முன்னால்; அந்த வழக்கில் தீர்ப்பு எழுத சினட் துணியவில்லை. அதை நான் பக்தி என்பேன்.

அண்ணி ஒப்பவில்லை. கேட்பவருக்கு ஆறுதல் வேண்டாமா என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பிரான்சிஸ் வெறுங்கையோடு போகவில்லை. 2015 டிசம்பரில் வால்டென்சியரும், மற்ற இத்தாலியப் புராட்டஸ்டண்ட் சபைகளும், கத்தோலிக்கரின் சாந்த் எஜிதியோ சமூகமும் அகதிகளைப் பாதுகாப்பாக அழைத்துவர இத்தாலிய அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி 2016 பிப்ரவரியில், லெபனானில் தவித்துக்கொண்டிருந்த சிரியா அகதிகள், படகில் உயிரைப் பணயம் வைக்காமல், முறையான விசாவோடு ரோமில் விமானத்திலிருந்து இறங்கினார்கள்.