ஐயக்கிளவி

ஒரு பழைய மரக்கப்பலை மீட்டெடுக்கும்போது எதை மீட்டெடுக்கிறோம்? மரத்தையா, அந்த மரத்தின் மேல் நின்ற மனிதர்களையா? ஸ்வீடனின் ‘வாசா’ கப்பலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு எழுகிறது.

அரசர் இரண்டாம் குஸ்டாவ் அடால்ஃப் கட்டச்சொன்ன, 64 பீரங்கிகள் கொண்ட பாய்மரப் போர்க்கப்பல் அது. 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதன்முதலாகப் புறப்பட்டது. மேற்பாரம் மிகுதி. ஏறத்தாழ 1,300 மீட்டர் போவதற்குள் காற்றில் சாய்ந்து மூழ்கிவிட்டது. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு அங்கே பெருகுவதில்லை. 333 ஆண்டுகள் கழித்து, 1961இல், கப்பலை ஏறக்குறைய முழுதாகவே மேலே தூக்கினார்கள்.

நீரில் ஊறிய மரம் சட்டென்று காய்ந்தால் சுருங்கிப் பிளந்துவிடும். எனவே மரத்துக்குள் இருந்த நீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்னும் மெழுகு போன்ற பொருளை ஏற்றினார்கள். அதை 17 ஆண்டுகள் தெளித்துவந்தார்கள். பிறகு மெல்ல உலரவிட்டார்கள். உதிர்ந்து கிடந்த ஆயிரக்கணக்கான துண்டுகளை, எது எங்கே பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் நிற்கும் கப்பலில் 98 விழுக்காடு பழைய மரமே. ஒரு துண்டுப் பலகைக்குக்கூட அதன் இடம் எது என்று இவ்வளவு பொறுமையாகத் தேடியிருக்கிறார்கள்.

அந்தக் கப்பலுக்குள் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அவர்களின் பெயர் தெரியாததால் ஆய்வாளர்கள் எழுத்துகளால் குறித்தார்கள். ‘ஜி’ என்று குறிக்கப்பட்டவருக்கு அந்த எழுத்தில் தொடங்கும் ‘குஸ்டாவ்’ என்ற பெயர் வந்தது. 2023இல் மரபணு ஆய்வு உறுதிசெய்தது: ஜி ஒரு பெண்.

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஒரு விதி உண்டு. ஆணா பெண்ணா என்று ஐயம் வந்தால் பன்மையில் சொல்ல வேண்டும். தொலைவில் ஓர் உருவம் வருகிறது. யாரென்று தெளியும்வரை அவனென்றும் சொல்லாதே, அவளென்றும் சொல்லாதே என்கிறது இலக்கணம். தெரியாததைத் தெரியாததாகவே வைத்திருக்கும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த விதிக்கு ஒரு வரம்பு உண்டு. ஐயம் வந்தவருக்கே அது பயன்படும். ஜியின் இடுப்பெலும்பைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். என்றாலும் பெண் என்று சொல்ல மரபணுவே சாட்சிக்கு வர வேண்டியிருந்தது. ஆண் என்று சொல்வதில் பாதி வேலையைப் ‘போர்க்கப்பல்’ என்ற சொல்லே செய்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பெண் அங்கே இருந்தது புதிரல்ல. கப்பல் தீவுகளைத் தாண்டித் திறந்த கடலை அடையும்வரை மாலுமிகள் குடும்பத்தை உடன் அழைத்துச் செல்ல அனுமதி இருந்தது. இங்கேதான் என்னை உறுத்தும் ஒன்று இருக்கிறது. கப்பல் மூழ்காமல் போயிருந்தால் அவள் வழியில் இறங்கி வீடு திரும்பியிருப்பாள். அப்படித் திரும்பிய பெண்களைப் பற்றி எந்த அருங்காட்சியகமும் பேசாது. உயிரோடு கரையேறியிருந்தால் வரலாற்றில் இல்லாமல் போயிருப்பாள், மூழ்கியதால் இருக்கிறாள்.

கப்பலைக் கட்டிய தலைமைத் தச்சர் ஹென்ரிக் ஹிபர்ட்சன் 1627இல், வேலை முடியுமுன்பே இறந்துபோனார். அதன்பின் கப்பல் கட்டும் தளத்தின் பொறுப்பு அவர் மனைவி மார்கரெட்டா நில்ஸ்டாட்டரிடம் வந்தது. நில்ஸ்டாட்டர் என்றால் நில்ஸின் மகள். பொறுப்பு கணவன் வழியாக வந்தது, பெயர் தகப்பன் வழியாக வந்தது. வேலை மட்டும் அவளுடையது.

அரசனின் போர்ப்பெருமையில் பெண்ணுக்கும் பங்கு கேட்பதா பெண்ணியம் என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். கொல்வதற்காகக் கட்டிய கப்பல் அது. அதில் பெண் இருந்தாள் என்பதால் புனிதமாகிவிடாது. நான் கேட்பது கணக்கை. 98 விழுக்காடு மரம் சரியாக இருக்கிறது என்று சொல்லும்போது மனிதக் கணக்கு எவ்வளவு சரி என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஜி பெண் என்று தெரிந்ததும் நம்மில் பலருக்கு அடுத்து வரும் கேள்வி, அவள் யாருடைய மனைவி என்பதுதான். எனக்கும் அதுதான் முதலில் வந்தது. மாலுமியின் மனைவியாக அவள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் வாய்ப்பு வேறு, தெளிவு வேறு. முன்பு போர்க்கப்பல் என்றதும் ஆண் என்று எண்ணிய அதே அவசரம், இப்போது பெண் என்றதும் மனைவி என்கிறது.

வாசாவின் வேலை இன்னும் முடியவில்லை. துருவேறிய இரும்பு மரத்தைக் கெடுக்கிறது என்று கண்டு, 2011 முதல் ஆயிரக்கணக்கான பழைய திருகாணிகளைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் புதியவை பூட்டினார்கள். மரத்தை மறுபடி மறுபடி சோதிக்கும் அந்தக் கைகளுக்கு என் வணக்கம். அதே சோதனையைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குக் கீழே எழுதியிருக்கும் பெயர்களுக்கும் செய்ய வேண்டும். அவற்றைப் படிக்கும் நம் பழக்கத்துக்கும் செய்ய வேண்டும்.